சப்வூஃபர் (அடித்தொனிக்கென உள்ள ஸ்பீக்கர்) தனியாக முழங்குகிறது, மெயின் ஸ்பீக்கரோடு ஒட்டவில்லை. என்ன செய்வது?

பாளையங்கோட்டைப் பக்கத்து வீடு, பன்னிரண்டுக்குப் பதினாறடி பட்டாசல் (ஹால்), டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாட்ட வந்தவர் சப்பை மூலையில் தள்ளி வால்யூமைக் கூட்டிவிட்டுப் போயிருப்பார். சத்தம் கூடும், ஒட்டாது. குறை அளவில் இல்லை, நேரத்தில்.

நம்மூர்ச் சூட்டில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 35 செ.மீ. போகும். சப்பும் மெயினும் வழக்கமாகச் சந்திக்கும் 80 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 6.25 மில்லிசெகண்ட். சப் அவ்வளவு பிந்தினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

ரிசீவரில் மெயின் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (சப்புக்கும் மெயினுக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை) 80-ல் வையுங்கள். சப்பின் முதுகிலிருக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்புங்கள். சப்பின் சொந்த ஃபில்டரைத் தவிர்க்கும் எல்எஃப்இ உள்ளீடு இருந்தால் வயரை அதில் கொடுங்கள். ஃபில்டர் மேல் ஃபில்டர் ஏறினால் சப் இன்னும் பிந்தும். பலருடைய தொல்லை இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, உட்காரும் இடத்தில் இரண்டின் சத்தமும் சமமாக வரும்படி லெவலை வைத்துக்கொண்டு, 80 ஹெர்ட்ஸ் டோனை ஓட விடுங்கள். சப்பின் ஃபேஸ் சுவிட்சை (அலையைத் தலைகீழாக்குவது) 180-ல் போட்டு, ரிசீவரில் சப்பின் தூரத்தைப் பத்துப் பத்து செ.மீ. ஆக மாற்றுங்கள். ரிசீவர் இந்தத் தூரத்தை வைத்துத்தான் டிலேயை, அதாவது தாமதத்தை, கணக்கிடுகிறது. சத்தம் எந்த எண்ணில் அடியோடு விழுகிறதோ அதுதான் உங்கள் எண். வேலை முடிந்ததும் சுவிட்சை 0-வுக்குத் திருப்பிவிடுங்கள். உச்சம் மழுங்கலாகவும் குழி கூர்மையாகவும் இருக்கும் என்பதால்தான் குழியைத் தேடச் சொல்கிறேன். ஒரு முழுச் சுற்று, 12.5 மில்லிசெகண்ட், தள்ளிப் போனாலும் அதே குழி கிடைக்கும், ஏமாந்துவிடக் கூடாது. சுவிட்ச் 180-ல் இருக்கும்போதே, யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் வைத்து 40 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (படிப்படியாக ஏறும் டோன்) எடுத்துப் பாருங்கள். சரியான எண்ணில், ஸ்வீப் வரைபடத்தில் குழி 80-ன் இருபுறமும் அகலமாக விழும்.

“ரிசீவரே மைக் வைத்து அளந்து சரிசெய்யும் ஆட்டோ காலிப்ரேஷன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு” என்பவர்களுக்கு: அதை ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பார்ப்பது பெரும்பாலும் ஒலி வந்து சேரும் நேரத்தை. கிராஸ்ஓவரில் இரண்டும் கூடுகின்றனவா என்பதை எல்லாக் கருவியும் பார்ப்பதில்லை. ஆனால் அளவு டேப்பில் 3 மீட்டர் இருக்கும் சப்புக்கு அது 5 மீட்டர் காட்டினால், டேப்பை நம்பி மாற்றாதீர்கள். சப்பின் உள் மின்சுற்றில் ஆகும் தாமதமும் அதில் சேர்ந்திருக்கிறது.

டிலே வசதி இல்லாத ஸ்டீரியோ ஆம்ப் என்றால், சப்பை உங்களை நோக்கி நகர்த்துவதுதான் வழி. ஃபேஸ் குமிழ் ஓரளவுக்கு உதவும்.

காதால் சோதிக்க வில்லுப்பாட்டுக் குடத்தைப் போல் எதுவும் இல்லை. அடிமட்டையான பத்தி குடத்தின் வாயில் விழும் அறை மெயினிலிருந்தும் அடியில் எழும் முழக்கம் சப்பிலிருந்தும் வரும். ஒரே அடியாகக் கேட்க வேண்டும். கோயில் கொடைகளில் பதிவு எடுக்கிறவர்கள் பாடுகிறவர் முன்னால் ஒரே மைக்கை வைத்துவிட்டுக் குடக்காரரை மறந்துவிடுகிறார்கள். இந்த மண்ணின் தாளமே அதில்தான் இருக்கிறது, அதற்கென ஒரு மைக் கொடுத்தால் என்ன?

பதினாறடி நீளத்தின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் 36 ஹெர்ட்ஸை ஒட்டிய அடித்தொனி காணாமல் போகும். எந்த டிலேயும் அதைத் திருப்பித் தராது. நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளுங்கள். இரண்டு சப் இருந்தால் முதலில் அவற்றை ஒன்றுக்கொன்று நேரம் சேர்த்துவிட்டு, அப்புறம் மெயினைத் தொடுங்கள்.