சிறை வாசலில் ஒப்படைத்த பொருள்கள்: கேள்வி பதில்

தமிழ்நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களின் குடும்பத்தார் கேட்ட கேள்விகளுக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

மகனைக் கைது செய்தபோது சங்கிலியும் செல்போனும் அவனிடம் இருந்தன. சிறையில் கேட்டால் "இங்கே வரவில்லை" என்கிறார்கள். யாரைக் கேட்பது? (ஒரு தாய், விழுப்புரம்)

முதலில் காவல் நிலையத்தைக் கேளுங்கள், அம்மா. கைதானவரிடம் எடுத்த பொருள்களுக்குப் போலீசார் அவரிடமே ரசீது கொடுத்தாக வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது மகனிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். செல்போனை வழக்குக்காகக் கைப்பற்றியிருந்தால், திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வேண்டும். சிறை நிர்வாகம் பொறுப்பேற்பது தன்னிடம் வந்து சேர்ந்த பொருளுக்குத்தான்.

பதிவேட்டில் "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1" என்று எழுதியிருக்கிறார்களாம். தங்கம் என்று ஏன் எழுதவில்லை? (மதுரை)

உரசிப் பார்க்காமல் தங்கம் என்று எழுத முடியாது, அதில் தவறில்லை. ஆனால் அந்த நான்கு சொற்களோடு விட்டுவிட்டால், நாளைக்குக் கவரிங் சங்கிலியை நீட்டினாலும் பதிவேடு அதற்கும் பொருந்தும். நீளம், எடை, டாலரில் பொறித்த எழுத்து, வளைந்த கொக்கி எல்லாவற்றையும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, கைதியிடம் எடுத்த பணத்துக்கும் பொருள்களுக்கும் பதிவேடு வைக்கச் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கைநாட்டு வைப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது அதிகாரியை அவமதிப்பது ஆகாது.

விசாரணைக் கைதி வீட்டுத் துணி உடுத்தலாமா? (சேலம்)

உடுத்தலாம். துணி, படுக்கை, உணவு ஆகியவற்றை வெளியிலிருந்து பெற அதே சிறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இடம் தருகிறது. சோதனைக்குப் பிறகே உள்ளே போகும். அவற்றைப் பக்கத்துக் கைதிக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. சாப்பாட்டுப் பாத்திரத்தில் பணத்தையோ சிம் கார்டையோ மறைத்து அனுப்பாதீர்கள். கொடுத்தவர் மீதே வழக்கு வரும்.

என் தங்கையை ஆண் காவலர் சோதனையிடலாமா? (திருச்சி)

கூடவே கூடாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். காவல் நிலையத்திலும் சரி, சிறையிலும் சரி.

அண்ணனின் சர்க்கரை நோய் மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். (கோவை)

மருந்துகளை என்ன செய்வது என்று சிறை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துச் சீட்டின் நகலோடு அன்றே அவருக்கு எழுதிக் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு நாள் கடத்த முடியாது.

ஜாமீனில் வந்தபோது கைக்கடிகாரம் இல்லை. இருந்தும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். (வேலூர்)

வெளியே குடும்பம் காத்திருக்கும்போது எவரும் அப்படித்தான் போடுவார்கள். கையெழுத்திடுவதற்கு முன்பே "கைக்கடிகாரம் வரவில்லை" என்று அதே வரிசையில் எழுதியிருந்தால் வேலை எளிதாக இருந்திருக்கும். இப்போதும் வழி இருக்கிறது. சிறைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். உள்ளே போனபோது எழுதிய பதிவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கைதிகளை நடத்த வேண்டிய முறை பற்றி 2015இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மண்டேலா விதிகளில் 67ஆவது விதி, கைதியின் உடைமைகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கவும், விடுதலையின்போது திருப்பித் தரவும் சொல்கிறது. புகாரில் அதையும் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு மட்டுமல்ல, வெளியே வந்தவரின் ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருந்தால் அவருக்கும் வழக்கறிஞர் கட்டணம் கேட்க மாட்டார்கள்.