குரைக்காது என்பதற்காகவா?

கேள்வி: ஓசூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். ஐந்து வயது மகளுக்கு முயல் வாங்கித் தரலாமா? நாய் மாதிரி குரைக்காது, அசோசியேஷனில் தகராறு வராது. பால்கனியில் கூண்டு வைத்து கேரட் போட்டால் போதுமல்லவா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: குரைக்காது என்பதற்காக ஒரு பிராணியைத் தேர்ந்தெடுக்கும் நிலைமைக்கு உங்களைத் தள்ளியது அந்த அசோசியேஷன்தான். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குக் கோபம் தணியவில்லை. செல்லப்பிராணி கூடாது என்று தடை போட குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. பெரும்பான்மையோர் கையெழுத்துப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் செல்லாது. குரைப்பதும் தடைக்குக் காரணமாகாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதைச் சுற்றறிக்கையாக வெளியிட்டுவிட்டது. அதை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மனசுக்குள் நாய் ஆசை இருந்தால் நாயே வளர்க்கலாம்.

இல்லை, முயல்தான் வேண்டும் என்றால் சரி. ஆனால் அது சத்தம் போடாததை வசதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நரிக்கும் பருந்துக்கும் இரையாகிற இனம், நோவை வெளியே காட்டாது. உடம்புக்கு முடியாத நாய் அனத்தும். முயலோ மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கிட்டப் போனால் பல்லை நறநறவென்று கடிப்பது கேட்கும். தினமும் புழுக்கையைப் பாருங்கள். கொண்டைக்கடலை அளவில் விழுந்தது மிளகளவுக்குச் சிறுத்தால் குடல் மந்தமாகிறது என்று அர்த்தம். 12 மணி நேரம் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கரைத்து வாயில் ஊற்றவும் கூடாது. குடலிலிருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து முயலே செத்துப்போகும். அதனால் முயலுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

கேரட் அதற்கு மிட்டாய்தான், எப்போதாவது ஒரு துண்டு போதும். சாப்பாடு என்றால் புல். பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லிலுள்ள நாரை மென்று அரைத்தால்தான் தேயும். 1824-லிருந்து மத்திகிரியில் கால்நடைப் பண்ணை இருக்கிற ஊரில் புல்லுக்கா பஞ்சம்? மாட்டுக்கு கோ-4 தீவனப்புல் போட்டிருக்கும் விவசாயியிடம் ஒரு கட்டு வாங்கி நிழலில் உலர்த்துங்கள். பூச்சிமருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பால்கனி வேண்டவே வேண்டாம். ஓசூர் குளிர்ச்சியான ஊர் என்ற பழம்பெருமை ஏப்ரல் மதியத்தில் உதவாது. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியே விடும்; 30 டிகிரியைத் தாண்டினால் திணறும். ஹாலிலேயே ஒரு மூலையை ஒதுக்கி, வயர்களை மறைத்துவிட்டு, ஓடவிடுங்கள். கம்பித் தரை போட்ட கூண்டை யாராவது விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள். முயல் பாதத்தில் மெத்தை கிடையாது, புண்ணாகிவிடும்.

அப்புறம், உங்கள் மகள். முயலுக்குத் தூக்கினால் பிடிக்காது. பயந்து உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறியலாம். தரையில் உட்கார்ந்து, அது தானாக வந்து முகரும்வரை கை நீட்டாமல் இருக்க உங்கள் பெண்ணால் முடியுமென்றால் வாங்குங்கள். முடியாதென்றால் இரண்டு மூன்று வருஷம் பொறுங்கள்.