பல்கலைக்கழக வளாகத்தில் அடிக்கடி நடத்தும் அபாய ஒத்திகைகளால் உண்மையில் பயன் உண்டா?

வாசல் எங்கே என்று எல்லோருக்கும் தெரியுமே, பிறகு எதற்காக வகுப்பைக் கெடுத்து எங்களை வெளியில் நிறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வு நெருங்கும் நேரத்தில் மணி அடித்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். கோபம் நியாயமானதுதான். எனக்கும் அதே சலிப்பு இருந்தது. அதுவும் மாணவனாக அல்ல; வேதியியல் ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளனாக, மூன்றாம் தளத்தைக் காலி செய்யும் பொறுப்பாளன் என்ற பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒத்திகை அது. நாளும் நேரமும் முன்கூட்டியே மின்னஞ்சலில் வந்துவிட்டதால் பாதிப் பேர் மணி அடிக்கும் முன்பே பையோடு கீழே இறங்கிவிட்டார்கள். நான் ஒவ்வொரு அறையாகத் தலையை நீட்டிப் பார்த்து, தாளில் குறியிட்டு, என் மேசைக்குப் பக்கத்தில் உள்ள படி வழியாக இறங்கினேன். கட்டடம் ஆறு நிமிடத்தில் காலியானதாக அறிவித்தார்கள். கைதட்டினோம்.

கூட்டம் கலைந்தபின் மறுபக்கப் படி வழியாக ஏறினேன். மூன்றாம் தளத்தில், தீயைத் தடுக்கும் கதவுக்குப் பின்னால், சக்கர நாற்காலியில் ஓர் ஆய்வு மாணவி உட்கார்ந்திருந்தார். லிஃப்டைப் பயன்படுத்தக்கூடாது, காத்திருக்கும் இடத்துக்கு வந்து சுவரில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி. அவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தார். மறுமுனையில்தான் யாரும் எடுக்கவில்லை. இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது. படியில் ஆளை இறக்கும் நாற்காலி பூட்டிய அலமாரியில் இருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பில். "முடிந்துவிட்டதா சார்?" என்று மட்டும் அந்த மாணவி கேட்டார். என் தாளில் அந்தத் தளம் காலி.

ஒரு பொத்தானைச் சோதிக்கக் கட்டடத்தையே காலி செய்ய வேண்டுமா, அது பராமரிப்புப் பிரிவின் வேலை அல்லவா என்று சிலர் கீழே எழுதுவார்கள். அவர்கள் வேலைதான். சோதித்துவிட்டதாகப் பதிவேட்டில் கையெழுத்தும் இருந்தது.

எல்லா ஒத்திகையையும் நான் தாங்கிப் பேசவில்லை. புகைப்படத்துக்காக நடப்பதும் உண்டு. அமெரிக்காவில் 2007-இல் வர்ஜீனியா டெக் வளாகத் துப்பாக்கிச் சூட்டில் 32 பேர் கொல்லப்பட்டபின் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே ஆண்டுக்கு ஒரு முறையாவது அவசரகால நடைமுறைகளைச் சோதித்தாக வேண்டும். அறிவித்துச் செய்ததா, அறிவிக்காமல் செய்ததா என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு வரி எனக்குப் பிடிக்கும். அறிவித்துச் செய்த எங்கள் ஆறு நிமிடத்தின் மதிப்பு எனக்குத் தெரியும்.

வாசல் தெரியும் என்கிறீர்களே, கண் கழுவும் குழாய் தெரியுமா? திராவகம் தெறித்தால் பத்து வினாடிக்குள் அதை அடைந்து, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு அங்கே நடக்கச் சொல்வேன். சிரித்துக்கொண்டே கிளம்புவார்கள். பெரும்பாலோர் முதல் தடவை நாற்காலியில் முட்டிக்கொள்வார்கள். 2008 இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் உடையில் தீப்பற்றிய ஓர் இளம் ஆய்வு உதவியாளர் அடுத்த மாதம் இறந்தார். அவசர ஷவர் அந்த ஆய்வகத்திலேயே இருந்தும் பயன்படவில்லை.

எங்கள் ஒத்திகையின் குறைகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பாதுகாப்புக் குழுவின் அறிக்கையில் பேராசிரியர்கள் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. பதினோரு ஆண்டுகளாக அதே பதவி. தொழில்நுட்ப ஊழியனுக்கு ஏணியே கிடையாது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், விடுங்கள்.

திங்கள்தோறும் இரண்டு படிக்கட்டிலும் பொத்தானை நானே அழுத்திப் பார்க்கிறேன். போன வாரம் காவலர் எடுத்து, "மறுபடியும் நீங்கள்தானா?" என்றார்.