காப்பர் டி சிறுநீர்ப்பைக்குள் போய்விட்டது: வழக்கு எதில் நிற்கும்?

கேள்வி: பிரசவமாகி இரண்டு மாதத்தில் கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி போட்டார்கள். அடுத்த பரிசோதனையில் அதன் அடியில் தொங்கும் நூல் தென்படவில்லை. "தானாக விழுந்திருக்கும்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். பிறகு நான்கு வருடம் அடிக்கடி சிறுநீர்த் தொற்று. எட்டு மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் கல்லும், அதன் நடுவில் காப்பர் டியும் தெரிந்தன. போன மாதம்தான் எடுத்தார்கள். போட்டவரிடம் கேட்கப் போனால் அவமானப்படுத்திவிட்டார். தவறாகப் போட்டதற்கு வழக்குப் போடலாமா?

பதில்: போட்ட விதத்தை விட்டுவிடுங்கள். காப்பர் டி கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது 1000 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நேரும் சிக்கல். பாலூட்டும் காலத்தில் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். கவனமான கையிலும் இது நடக்கும் என்று எதிர்த்தரப்பு நிபுணர் சொன்னால், மறுப்பது கடினம். அவமானம் வலிக்கும், சரி. ஆனால் அதற்கு இந்த வழக்கில் இடமில்லை.

உங்கள் பலம் அந்த நூலில் இருக்கிறது. நூல் தெரியாவிட்டால் முதலில் ஸ்கேன். கர்ப்பப்பையில் இல்லையென்றால் வயிறும் இடுப்பும் தெரிய எக்ஸ்ரே. அதிலும் இல்லாதபோதுதான் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். உங்களுக்கு இரண்டுமே எடுக்கவில்லை என்றால் அதுதான் கவனக்குறைவு. "நூல் தெரியவில்லை" என்று அன்றைய சீட்டில் எழுதியிருக்கிறதா? எனக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு வரி.

நான் பயப்படுவது காலக்கெடுவுக்கு. இந்திய நுகர்வோர் சட்டத்தில் 2 ஆண்டு, இங்கிலாந்தில் 3 ஆண்டு. கருவியை வெளியே எடுத்த ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணிக்கொண்டு சும்மா இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது.

இதைவிடப் பெரிய பள்ளம் வக்கீல் நோட்டீஸ். மனம் கொதித்து, "போட்ட நாள் முதல் அதனால்தான் துடித்தேன்" என்று எழுதிவிடுவார்கள். அப்படியானால் அன்றே தெரியுமே, ஏன் வரவில்லை என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணி விடப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கை 2010-ல் இந்திய உச்ச நீதிமன்றம் காலங்கடந்தது என்று தள்ளியது. ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தும் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் அவர் போகவில்லை என்பதுதான் அங்கே அவருக்கு எதிராக நின்றது. நீங்கள் தொற்றுக்காக வைத்தியம் பார்த்த ஒவ்வொரு சீட்டையும் தேடி எடுங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை, காரணம்தான் தெரியவில்லை என்று அவை பேசும். எடுத்த கல்லையும் கருவியையும் மருத்துவமனை குப்பையில் போடுவதற்குள் எழுதிக் கேளுங்கள்.

அந்தச் சீட்டில் நூல் பற்றிய வரி இல்லையென்றால், அல்லது உங்கள் நிபுணர் இழுத்து இழுத்துப் பேசினால், சமரசமாகப் போங்கள். ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம். சிறுநீர்ப்பை முழுதாக ஆறிவிட்டது, கர்ப்பப்பைக்கும் அதற்கும் நடுவே ஓட்டை எதுவும் இல்லை என்று சிறுநீரக மருத்துவர் எழுதித் தரட்டும். கையெழுத்துப் போட்ட பிறகு சிறுநீர் கசிந்தால், மறுபடி கேட்க வழியிருக்காது.