நிலத்தை அடகு வைக்காதீர்கள் அண்ணே

பிளஸ் டூ முடித்த மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்க, போன வாரம் மேலூரிலிருந்து அவளையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். நேரில் மச்சினன்தான் அதிகம் பேசினார், அதனால் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். பயப்படாதீர்கள், நல்ல மார்க்தான் என்று அன்று சொன்னேன். அந்த ஆறுதல் போதும், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னையில் தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு சட்டப்படிப்பு, விடுதியோடு 18 லட்சம், அதற்கு நிலத்தை வைத்துக் கடன் என்பது உங்கள் யோசனை. இது வேண்டாம். பாப்பா வாய் திறந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னது: "எனக்குக் கோர்ட்ல நின்னு வாதாடப் பிடிக்கல சார், அந்தக் கேஸ் பேப்பரைப் படிக்கத்தான் பிடிக்குது." மச்சினன் அதைக் காதில் வாங்கவில்லை, நான் வாங்கினேன்.

உங்கள் அய்யாவின் பாகப்பிரிவினை வழக்குக் கட்டைப் படித்து அது எழுதி வைத்திருக்கும் நோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதில் இப்படி எழுதியிருக்கிறது: உறுத்துக்கட்டளை என்றால் ஒன்றைச் செய்யாதே அல்லது செய் என்று கோர்ட் போடும் உத்தரவு. தீர்ப்புரையில் நீதிபதி காரணம் சொல்வார், தீர்ப்பாணையில் யாருக்கு என்ன கிடைத்தது என்பது மட்டும் இருக்கும். விடுவிப்பு என்பது விசாரணை தொடங்கும் முன்பே ஆதாரம் போதாது என்று வெளியே விடுவது, விடுதலை என்பது விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொல்வது. இந்தக் கடைசி இரண்டையும் செய்தி எழுதுகிறவர்களே குழப்புகிறார்கள், பிளஸ் டூ முடித்த பிள்ளை சரியாகப் பிரித்திருக்கிறது.

இதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, சட்ட மொழிபெயர்ப்பு. நம் ஊர்ப் பக்கக் கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியமும் பத்திரமும் பெரும்பாலும் தமிழில் இருக்கும். அப்பீல் ஒத்தக்கடை பக்கம் உலகனேரியில் இருக்கும் ஹைகோர்ட் கிளைக்குப் போனால் அங்கே ஆங்கிலம். 2004-ல் கிளை வந்ததிலிருந்து கன்னியாகுமரி முதல் கரூர் வரைக்கும் உள்ள தென்மாவட்ட வழக்குகள் அங்கேதான் போகின்றன, அந்தக் கட்டுகளை யாராவது ஆங்கிலத்தில் பெயர்க்கத்தான் வேண்டும். வக்கீல் ஆபீஸ்களில் பக்கக் கணக்கில் கூலி கொடுத்துச் செய்கிறார்கள். கோர்ட்டிலும் அரசுத் துறைகளிலும் மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் உண்டு, ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், அதை மறைக்க மாட்டேன்.

எல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடும் என்றார் மச்சினன். சுப்ரீம் கோர்ட்டே 2019-ல் மொழிபெயர்க்கும் மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தது, இன்றும் அது தருவதை ஆள் உட்கார்ந்து திருத்துகிறார். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறின அல்லவா, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போகும் பிரிவு, புதிய சட்டத்தில் அதே 482 முன்ஜாமீன், ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. வழக்கு எந்தத் தேதியைச் சேர்ந்தது என்று பார்த்து எழுதத் தெரிந்தவருக்குத்தான் வேலை. இங்கே ஒரு வார்த்தை தவறினால் ஒரு மனுஷன் உள்ளே இருப்பான்.

செலவைச் சொல்கிறேன். ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரியில் பிஏ ஆங்கிலமோ தமிழோ, எது பிடிக்கிறதோ அது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, ஆகவே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். சாயங்காலம் தட்டச்சு, இரண்டு மொழியிலும் ஹையர் வரைக்கும், இதில் சமரசம் கிடையாது. டிகிரி முடிந்த பிறகும் சட்டம் படிக்கத் தோன்றினால் மதுரை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது, மேலூரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம்.

மொழிபெயர்ப்பு வேலையில் முதல் இரண்டு மூன்று வருஷம் வருமானம் ஏறி இறங்கும். அதைத் தாங்கலாம். 18 லட்சத்துக்கு வட்டி கட்டிக்கொண்டே, பிடிக்காத வேலைக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிப் போவதைத்தான் அந்தப் பிள்ளையால் தாங்க முடியாது.

பேங்க் கடன் பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றீர்கள், போடாதீர்கள். இந்த வாரத்தில் ஒரு நாள் பாப்பாவை மட்டும் அந்த நோட்டோடு அனுப்பி வையுங்கள், உங்கள் வழக்கின் பிராதில், அதாவது வழக்குப் போட்ட மனுவில், நாலு பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பார்க்கிறேன்.