அக்கா பதில்கள்: அப்பா வார்டில், குடும்பம் வாட்ஸ்அப்பில்

கேள்வி: வணக்கம் அக்கா. அப்பாவுக்கு 66 வயது. தோட்டத்தில் ஓய்வு கொடுத்த பிறகும் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போவார், கையுறை போடவே மாட்டார். போன மாதம் காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்று படுத்தவருக்குக் கண் சிவந்து, உடம்பு மஞ்சள் பூத்து, சிறுநீரும் நின்றுபோனது. ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் என்றார்கள். ஐசியுவில் 9 நாள் வாயில் குழாய், 5 தடவை டயாலிசிஸ். இப்போது சாதா வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் செத்துப்போன பெரியப்பா கட்டில் ஓரம் நிற்கிறார் என்கிறார், அம்மாவைப் பார்த்து யார் நீ என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனோ மணிக்கொரு தடவை கிரியேட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும் எண்) எத்தனை என்று குடும்பக் குழுவில் கேட்கிறார். நேற்று 310, இன்று 420 என்று போட்டேன். "என்னதான் பார்த்துக்கொள்கிறீர்கள், தனியாருக்கு மாற்றுங்கள்" என்று ஒரே சத்தம். என்ன செய்வது? பி.கு: வீட்டுக்கு வந்ததும் மறுபடி பழம் பொறுக்கப் போவாராம்.
– மகள், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 310, 420 விவகாரத்தை முடித்துவிடுவோம், உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அதில்தான் இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்த கையோடு இரத்தம் எடுத்தால் எண் இறங்கியிருக்கும், அது இயந்திரம் பார்த்த வேலை. அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் அது மறுபடி ஏறும். இதில் அப்பாவின் கிட்னி விழித்ததா தூங்குகிறதா என்று உங்கள் அண்ணனால் கண்டுபிடிக்கவே முடியாது.

கட்டிலுக்குக் கீழே சிறுநீர் சேரும் பை ஒன்று தொங்குகிறது பாருங்கள், அதைப் பாருங்கள். மிஸ்ஸி (நர்ஸ்) அந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டே இருப்பார், கேட்டால் சொல்வார். முந்தாநாள் 150 மில்லி, நேற்று 400, இன்று 900 என்று போனால் கிட்னி வேலைக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். சிறுநீர்தான் முதலில் கூடும், இரத்தத்தில் அந்த எண் இறங்குவதற்கு இன்னும் சில நாள் பிடிக்கும். சிலருக்கு ஒரேயடியாக 3, 4 லிட்டர்கூடப் போகும், அப்போது பொட்டாசியமும் சேர்ந்து போய்விடும் என்பதால் டாக்டர் ட்ரிப்பை மாற்றிக்கொண்டே இருப்பார், பயப்படாதீர்கள். இந்த நோயில் பிழைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிட்னி திரும்ப வந்துவிடுகிறது, ஆயுள் முழுக்க டயாலிசிஸ் என்று இப்போதே அம்மாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். இது பைத்தியமும் இல்லை, பேய் பிசாசும் இல்லை (மந்திரிக்க ஆள் கூட்டி வரலாமா என்று உங்கள் வீட்டில் யாராவது இந்நேரம் கேட்டிருப்பார்கள்). டெலிரியம் என்பார்கள், மூளைக்கு வரும் தற்காலிகக் குழப்பம். கிருமி, மயக்க மருந்து, இரவு பகல் தெரியாத வெளிச்சம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தது. ஐசியுவில் மூச்சுக் கருவியில் கிடந்த வயதானவர்களுக்கு ரொம்பவும் சகஜம். காலையில் தெளிவாகப் பேசுவார், பொழுது சாய்ந்தால் மறுபடி குழம்புவார், சிலருக்கு முழுக்கத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். பெரியப்பா இல்லை, செத்து எத்தனை வருசம் ஆச்சு என்று வாதாடாதீர்கள். "சரிப்பா, நான் இங்கதான் இருக்கேன், இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். கண்ணாடியும் பல்செட்டும் வீட்டில்தானே கிடக்கின்றன? நாளைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். முகமே மங்கலாகத் தெரியும்போது அம்மாவை அடையாளம் தெரியவில்லை என்று அழுவதில் நியாயமில்லை. பேச்சே குறைந்து திடீரென்று தூங்கி வழிந்தாலோ, காய்ச்சல் திரும்பினாலோ உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணன்மேல் கோபப்படாதீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு எண் ஒன்றுதான் கையில் கிடைக்கிற பிடி. ஆனால் அவர் கேட்கிற நேரத்துக்கெல்லாம் பதில் போடவும் வேண்டாம். டாக்டரிடம் பேச வீட்டில் ஒரே ஆள், அது நீங்கள்தான் என்று முடிவு செய்யுங்கள். இரவு 8 மணிக்கு ஒரே செய்தி. "அப்பா கட்டில் ஓரத்தில் 10 நிமிடம் உட்கார்ந்தார். சிறுநீர் 900. அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்." அவ்வளவுதான். அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுங்கள், தினமும் இரண்டு நிமிடம் அப்பாவுக்குக் குரல் பதிவு அனுப்பட்டும், பேரப்பிள்ளைகளையும் பேசவிடட்டும், நீங்கள் காதருகே போட்டுக் காட்டுங்கள். பழகிய குரல் கேட்டால் குழப்பத்தில் இருப்பவர் கொஞ்சம் அடங்குவார்.

தனியாருக்கு மாற்றுவது பற்றி: சாதா வார்டுக்கு வந்துவிட்ட மனிதரை எதற்கு நகர்த்த வேண்டும்? அரசாங்க ஆஸ்பத்திரி மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி (ரிங்கிட்). தனியார் பில்லைக் கட்டுவது யார் என்று குழுவில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள், சத்தம் தானாக நின்றுவிடும்.

பழம் பொறுக்கும் ஆசை நல்ல அறிகுறி, மனிதர் பழையபடி ஆகிறார்! ஆனால் இந்தக் காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்டால் இனி வராது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், இந்தக் கிருமியில் பல வகை உண்டு. தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதே எலிகளுக்காகத்தான். பூட்சும் கையுறையும் இல்லாமல் காட்டுக்குள் காலே வைக்கக்கூடாது, சிறு கீறலுக்கும் பிளாஸ்டர் போட வேண்டும். அதுவும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். முட்டி வலிக்கு பொன்ஸ்தான் மாதிரி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடக்கூடாது, அடிபட்ட கிட்னிக்கு அது ஆகாது. வேர் மருந்து, கஷாயமும் அப்படியே.

கேள்வி: அம்மாவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால் போகிறது. அத்தை வாய் வழியாகக் கஞ்சி ஊட்டச் சொல்கிறார். மிஸ்ஸி கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– மகன், சுங்கை சிப்புட்

பதில்: மிஸ்ஸி பேச்சைக் கேளுங்கள் தம்பி. என் அம்மா இப்படிப் படுத்திருந்தபோது, மிஸ்ஸி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து நானே மூன்று ஸ்பூன் காப்பி கொடுத்தேன். வரக்காப்பி, சீனி தூக்கலாக, அவர் கேட்டபடி. முதல் ஸ்பூனுக்குச் சிரித்தார், மூன்றாவதுக்கு இருமினார், இரண்டாம் நாள் நெஞ்சில் சளி, நிமோனியா, மேலும் பத்து நாள் வார்டு. எந்த டாக்டரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. தொண்டைத் தசை பலவீனமாக இருக்கும்போது உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், தண்ணீரும் காப்பியும்தான் கஞ்சியைவிட சுலபமாகத் தவறிப் போகும். விழுங்கும் பரிசோதனை எப்போது என்று வார்டில் கேளுங்கள். அதுவரை அத்தைக்கு வேறு வேலை கொடுங்கள். அம்மாவின் கையைக் காலைத் தேய்த்து விடட்டும், தலை வாரிவிடட்டும். பலவீனமான கையைப் பிடித்து மட்டும் இழுக்க வேண்டாம், தோள்மூட்டு இறங்கிவிடும்.

கேள்வி: அப்பா ஐசியுவிலிருந்து பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலில் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். இப்போது அப்பாவும் கூடவே நடப்பேன் என்று அடம்பிடிக்கிறார். வீட்டுக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது.
– மருமகள், சுங்கை சிப்புட்

பதில்: நேர்த்திக்கடன் அம்மாவுடையது, அம்மா எடுக்கட்டும். ஐசியுவில் கிடந்தவர்களுக்குத் தசை சீக்கிரம் கரைந்துவிடும், திரும்ப ஊற மாதக்கணக்கில் ஆகும். வாசலிலிருந்து தெருமுனைக் கடைவரை மூச்சு வாங்காமல் போய் வருகிறாரா? இல்லையென்றால் ஊர்வல நடை வேண்டாம். காரில் கொண்டுபோய்க் கோவிலுக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார வையுங்கள். மடக்கு நாற்காலி ஒன்று மறக்காமல் எடுத்துப் போங்கள், அங்கே தேடினால் கிடைக்காது.