களியும் முத்தெயும்

அன்புள்ள ஐயா,

பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். நாலைந்து வருஷமாக நான் வாசிப்பதில் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பு நாவல்கள்தான். மூலத்தில் ஒரு வரிகூடத் தெரியாமல் 'அவரை வாசித்திருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு உறுத்தல். போன வாரம் ஒரு கன்னட நாவலில் விவசாயி 'கேழ்வரகு மாவு உருண்டை' சாப்பிடுகிறான். இரண்டு பக்கம் தாண்டித்தான், அட, நம்ம களி அல்லவா இது என்று உறைத்தது. எங்கள் பாட்டி வீட்டில் கன்னடம்தான் பேசுவார், எனக்குப் பேச வராது, கேட்டால் புரியும். இப்படி எத்தனை இடத்தில் ஏமாந்திருப்பேனோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஏமாறவில்லை. மொழிபெயர்ப்பாளர் சறுக்கிய இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள், அதுவும் மூலத்தைப் பார்க்காமலே.

நான் சின்ன வயதில் இருந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம். பக்கத்து வீட்டு அஜ்ஜி சாயங்காலம் கதை சொல்வார், அவர்கள் வீட்டில் கன்னடம், பிள்ளைகள் எங்களுக்காகத் தமிழில் சொல்வார். கதையில் யாராவது சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் களியைக் கன்னடத்தில் 'முத்தெ' என்றே சொல்வார். சொல்லிவிட்டு, இல்லாத உருண்டையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, கட்டை விரலால் நடுவில் குழி பண்ணி, சாற்றில் புரட்டி, மெல்லாமல் தொண்டையில் இறக்குகிற மாதிரி காட்டுவார். எங்கள் வீட்டிலும் ராத்திரிக்குக் களிதான், நாங்களும் மெல்லாமல்தான் விழுங்குவோம். ஆனாலும் அஜ்ஜி சொன்ன முத்தெ எங்கள் வீட்டுச் சாப்பாடாகவும் வேறெங்கோ ஒரு ஊர்ச் சாப்பாடாகவும் ஒரே சமயத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பு நாவலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் தேடுவது அதைத்தான்.

அந்த விவசாயி களி தின்றிருந்தாலும் சரி, முத்தெ தின்றிருந்தாலும் சரி, எனக்குப் புகார் இல்லை. 'கேழ்வரகு மாவு உருண்டை' என்பது ஓசூரிலும் யார் வாயிலும் கிடையாது, மைசூரிலும் கிடையாது. அது அகராதியில் மட்டும் வெந்த சாப்பாடு. மொழிபெயர்ப்பு 'தமிழ் மாதிரியே இல்லை' என்று பலர் குறைப்படுகிறார்கள், எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை, வேற்றூர்க்காரன் கொஞ்சம் வேறு மாதிரி பேசினால் என்ன? யாருமே பேசாத ஒரு மொழியில் எல்லோரும், தாத்தாவும் பேரனும் கணக்குப்பிள்ளையும், ஒரே மாதிரி பேசும்போதுதான் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

அப்புறம் உங்கள் உறுத்தல். நீங்கள் வாசித்தது தமிழ் நாவல், தமிழில் அதை எழுதியவர் மொழிபெயர்ப்பாளர். தகழியின் 'செம்மீன்' மலையாளத்தில் வந்தது 1956-இல். தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. அவர் பள்ளியில் படித்தது மலையாளம், தமிழ் எழுதப் படிக்கக் கற்றது பதினெட்டு வயதுவாக்கில்தான். பைரப்பாவின் கன்னட நாவல் 'பர்வ'வைப் 'பருவம்' என்று தமிழாக்கி 2005-க்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது வாங்கிய பாவண்ணன், தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் போய் அங்கே கன்னடம் கற்றவர். இரண்டு பேருமே இரண்டு மொழிக்கு நடுவில் குடியிருந்தவர்கள், அந்தப் பேச்சைக் கடையிலும் அலுவலகத்திலும் தினமும் காதில் வாங்கியவர்கள். இவர்களுடைய உழைப்பை வாசித்துவிட்டு 'தகழியை வாசித்தேன்', 'பைரப்பாவை வாசித்தேன்' என்று தாராளமாகச் சொல்லலாம், கூடவே மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். சில பதிப்பகங்கள் அட்டையில்கூடப் போடுவதில்லை.

ஒகேனக்கலில் பரிசல் ஏறினால் அக்கரை கர்நாடகம். நீங்கள் அதற்குப் பக்கத்தில் இருப்பவர், கன்னடம் கேட்டால் புரிகிறது என்கிறீர்கள், வீட்டில் பாட்டி இருக்கிறார். அந்த நாவலில் பேச்சு நிறைய வருகிற ஒரு அத்தியாயத்தை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்களேன். எந்த இடத்தில் "நாங்க இப்படியா சொல்வோம்?" என்று கேட்கிறாரோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அவர் சொல்கிற சொல்லையும் ஓரத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.